ஆத்தங்குடித் தரையும் திறந்த ஹெட்போனும்

பள்ளத்தூரில் உள்ள எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களில், பாட்டுக் கேட்கும் பழக்கமுள்ளவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். இவ்வளவு பெரிய வீட்டை வைத்துக்கொண்டு, நல்ல ஸ்பீக்கர் இரண்டை வாங்கி முகப்பு ஹாலில் வைக்காமல், காதில் மாட்டுகிற ஒரு சாமானுக்கு ஏன் இத்தனை பணத்தைக் கொட்டினீர்கள் என்பதே அது. வீடு இப்படி இருப்பதால்தான் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் நின்று விளக்குவதைவிட ஒரு முறை எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

செட்டிநாட்டு வீட்டின் அழகெல்லாம் வழவழப்பில் இருக்கிறது. ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடிப் பலகையின்மேல் சாயமும் சிமென்ட்டும் மணலுமாக வார்த்து எடுக்கிறார்கள். கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லின் முகத்துக்கு வந்துவிடுகிறது. சுவரில் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்துப் பூசித் தேய்த்த பூச்சு, இன்றும் கை வைத்தால் வழுக்குகிறது. தூண்கள் பர்மாத் தேக்கு. வசதி கூடிய வீடுகளில் இத்தாலியப் பளிங்கும் பெல்ஜியம் கண்ணாடியும் உண்டு. கண்ணுக்கு விருந்தான இந்தப் பரப்புகளில் கல்லும் பூச்சும் கண்ணாடியும், தம்மீது மோதும் ஒலியில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கைத்தான் உள்வாங்குகின்றன. மிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. திரும்பிய ஒலி எதிர்ச்சுவரில் மோதி மறுபடியும் வருகிறது. கதவுகளைச் சாத்திவிட்டு ஹாலின் நடுவில் நின்று ஒரு தடவை கைதட்டினால், அந்தச் சத்தம் அடங்குவதற்குள் நிதானமாக மூச்சை இழுத்து விட்டுவிடலாம்.

இந்தத் தொல்லையை முதன்முதலில் கணக்காக எழுதிக் காட்டியவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வாலஸ் சபீன். அங்கே ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை அரங்கில் பேசுவது ஒருவருக்கும் விளங்கவில்லை என்ற புகார் எழுந்தபோது, 1895-இல் அதைச் சரிசெய்யும் பொறுப்பு இளம் ஆசிரியராக இருந்த அவரிடம் வந்தது. வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வரச் செய்து, ஊர் அடங்கிய இரவு நேரத்தில் அவற்றைச் சிறிது சிறிதாகப் பரப்பி, ஒலி தேய்ந்து மறைய எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தார். மெத்தை இல்லாத அந்த அறையில் ஒரு சத்தம் ஏறத்தாழ 5.5 விநாடி நீடித்தது. அறையின் கனஅளவு கூடினால் எதிர்முழக்கம் நீளும், ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடினால் அது குறையும் என்று அவர் கண்ட சூத்திரம்தான் இன்றைக்கும் அரங்கம் கட்டுகிறவர்களுக்கு முதல் பாடம். எங்கள் ஹாலில் கனஅளவுக்குக் குறைவில்லை. மெத்தை, திரைச்சீலை, தரைவிரிப்பு ஒன்றும் கிடையாது. ஆக, சபீனின் கணக்கில் இரண்டு பக்கத்திலும் நமக்குப் பாதகம்தான்.

வீட்டைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கட்டியவர்கள் இரண்டு ஸ்பீக்கரை மனதில் வைத்துக் கட்டவில்லை. வீட்டின் நடு முற்றமான வளவு வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கிறது. அங்கே நாகஸ்வரமும் தவிலும் வாசித்தால் மேலே போன ஒலி திரும்புவதில்லை என்பதால், அத்தனை பெரிய சத்தமும் தெளிவாகக் கேட்கும். ஹாலும்கூட, கல்யாண நாளில் ஆட்கள் நிறைந்து ஜமுக்காளம் விரித்துப் பட்டும் பருத்தியுமாக உட்கார்ந்திருக்கும்போது முழங்காது. மனித உடம்பும் துணியும் ஒலியை நன்றாகவே உறிஞ்சும். எங்கள் தலைமுறையில் பங்காளிகள் எல்லோரும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். பெட்டகங்களும் ஊஞ்சலும் பாகம் பிரிந்து போயின. வீடு காலியாகக் காலியாக அதன் முழக்கம் கூடிக்கொண்டே வந்திருக்கிறது. இப்போது இருப்பவர்கள் நானும் மனைவியும் அப்பத்தாவும் மட்டுமே.

இந்த முழக்கம் எதைக் கெடுக்கிறது என்பதற்கு வீணையைவிட நல்ல சாட்சி இல்லை. திருக்கோகர்ணத்து வீணை மரபில் வந்த சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் ‘காரைக்குடி சகோதரர்கள்’ என்றே அறியப்பட்டவர்கள். மூத்தவர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசித்தார் என்பது அவர்களைப் பற்றிப் பேசும் எவரும் சொல்லும் செய்தி. இளையவரான சாம்பசிவ ஐயர் (1888–1958) தனித்து வாசித்த சில பதிவுகள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. வீணையில் வலக்கை ஒரு முறை மீட்டிவிட்டு ஓய்ந்துவிடும். அந்த ஒலி தேய்ந்துகொண்டே போகும்போது இடக்கை தந்தியை வீணைத் தண்டில் பதித்த மெட்டின் மீதே இழுத்தும் தளர்த்தியும் ஸ்வரத்தை அசைக்கும். தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தை எடுத்துக்கொண்டால், மீட்டிய கணத்தில் வருவது ஒலியின் உடம்பு மட்டும்தான். தோடி என்று நாம் அடையாளம் காண்கிற அசைவு, ஒலி பாதிக்குமேல் தேய்ந்த பிறகு வருகிறது. கடைசி அசைவு, மீட்டலின் தொடக்கத்தை விடப் பல மடங்கு மெல்லியது. ஹாலில் ஸ்பீக்கர் வைத்துக் கேட்கும்போது, அந்தக் கடைசி அசைவு வரும் நேரத்தில் தொடக்கத்தின் முழக்கம் இன்னும் நான்கு சுவருக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. மெல்லிய ஒலியை வலிய ஒலி மூடிவிடுகிறது. மீட்டு மீட்டாக எண்ணலாம், ராகம் மட்டும் கலங்கிப்போகும்.

ஹெட்போனில் அறை என்பதே இல்லை. ஒலித்தகட்டுக்கும் செவிக்கும் நடுவே சில சென்டிமீட்டர் காற்று, அவ்வளவுதான். பதிவான இடத்தின் முழக்கம் பதிவில் இருந்தால் அது கேட்கும். நம் வீட்டு முழக்கம் அதன்மேல் ஏறாது. அதனால் சாம்பசிவ ஐயரின் தந்தி மெட்டிலிருந்து விடுபடும் சிறு உராய்வும், அதற்கு முன்பு அந்த ஸ்வரம் கடைசியாக ஒரு முறை தலையாட்டிவிட்டுப் போவதும், நாடாவின் இரைச்சலுக்கு நடுவிலும் காதில் விழுகின்றன. தாளத் தந்திகளை விரல் தொடுவதற்கு ஒரு நொடிக்கு முன்னால் வரும் இடைவெளிகூடத் தெரிகிறது. நான் பணம் கொடுத்தது இதற்காகத்தான். ‘டீடெய்ல்’ என்று விளம்பரங்களில் எழுதுகிற பொருளுக்கு என் அகராதியில் இதைத் தவிர வேறு அர்த்தம் கிடையாது.

நல்ல ஹெட்போன் என்றால் எது என்ற கேள்விக்கு வரலாறு கொஞ்சம் உதவும். ஜெர்மனியில் பேயர் நிறுவனம் 1937-இல் டிடி 48 என்ற ஹெட்போனைக் கொண்டுவந்தது. காந்தப் புலத்துக்குள் கம்பிச்சுருள் அசைந்து தகட்டை ஆட்டும் டைனமிக் வகை அங்கிருந்து தொடங்குகிறது. 1958-இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் ஜான் காஸ், வீட்டில் ஸ்டீரியோ இசை கேட்பதற்கென்றே ஒரு ஹெட்போனைச் செய்து காட்டினார். 1968-இல் சென்ஹைசரின் எச்.டி. 414 வந்தது, காதுக்கு வெளிப்புறத்தை அடைக்காமல் திறந்துவிட்ட முதல் ஹெட்போன் அது. தகடு முன்னால் தள்ளும் அளவுக்குப் பின்னாலும் தள்ளுகிறது. பின்பக்கம் மூடியிருந்தால் அந்தப் பின்னொலி கிண்ணத்துக்குள்ளேயே மோதித் திரும்பிவந்து முன்னொலியோடு கலக்கும். மூடிய கிண்ணம் என்பது காதருகே கட்டிய இன்னொரு சின்ன அறை. பெரிய அறையிலிருந்து தப்பித்து வந்தவன் சின்ன அறைக்குள் மாட்டிக்கொள்வானேன் என்றுதான், வெளிச்சத்தம் உள்ளே வந்தாலும் பரவாயில்லை என்று திறந்த வகையையே நான் எடுத்தேன்.

என்னிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்று 1997-இல் அறிமுகமாகி இன்னும் விற்பனையில் இருக்கும் சென்ஹைசர் எச்.டி. 600. இதைவிடப் பல மடங்கு விலையுள்ளவை வந்துவிட்ட பிறகு இதை உயர்வகை என்று சொல்லலாமா என்று சிலர் முகத்தைச் சுளிக்கக்கூடும். மனிதக் குரலை இவ்வளவு ஒழுங்காகச் சொல்லும் ஹெட்போன்கள், விலை எதுவானாலும், கைவிட்டு எண்ணக்கூடியவைதான் என்பது என் கட்சி. பக்கத்து ஊரான அரியக்குடியில் 1890-இல் பிறந்த ராமானுஜ ஐயங்காரின் கச்சேரிப் பதிவுகளை நான் கேட்பது இதில்தான். அவர் குரலுக்கு அலங்காரம் தேவையில்லை. மத்திமகாலத்தில் சொற்கள் ஒன்றின் தோளில் ஒன்று கை போட்டுக்கொண்டு ஓடும்போது, ‘க’வுக்கும் ‘ப’வுக்கும் இடையிலான வேறுபாடு கேட்டால் போதும். எச்.டி. 600 அதைக் கேட்க வைக்கிறது.

அந்தப் பதிவுகள் மோனோ. இரண்டு காதுக்கும் ஒரே ஒலி போவதால், பாடகர் எதிரே உட்கார்ந்திருப்பதாகத் தோன்றாமல், நம் மண்டையின் நடுவில் உட்கார்ந்து பாடுவதாகத் தோன்றும். ஹெட்போனுக்குப் புதியவர்கள் பலர் இதில்தான் மனம் விட்டுப்போகிறார்கள். ஸ்பீக்கரில் வலப்பக்க ஒலி இடக்காதுக்கும் சற்றுத் தாமதமாகப் போய்ச் சேரும். தலையும் செவிமடலும் அந்த ஒலியைத் திருத்தி அனுப்பும். அந்தத் திருத்தத்தை வைத்துத்தான் மூளை திசையைக் கணிக்கிறது. ஹெட்போன் இந்தக் கணக்கைக் கலைத்துவிடுகிறது. இதை ஈடுகட்ட ஒரு பக்க ஒலியை மறுபக்கத்துக்குச் சிறிது கலந்துவிடும் கிராஸ்ஃபீட் என்ற ஏற்பாடு உண்டு. இடக்காதில் தபேலாவும் வலக்காதில் வயலினுமாகப் பிரித்து வைத்த பழைய ஸ்டீரியோத் திரைப்பாடல்களுக்கு அது நன்றாக உதவும், மோனோவுக்கு உதவாது. மோனோவை உள்ளது உள்ளபடி ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். சில நாள் பழகினால் மனம் அதைப் பொருட்படுத்துவதில்லை.

இன்னொன்று பிளேனார் வகை. இதில் கம்பிச்சுருள் கிடையாது. மெல்லிய படலத்தின் மேலேயே மின்தடம் பதிந்திருக்கும், காந்தப் பட்டைகள் அதன் முழுப் பரப்பையும் ஒரேசீராகத் தள்ளி இழுக்கும். யமஹா 1976-லேயே எச்.பி. 1 என்ற பெயரில் இந்த வகையை விற்றது என்றாலும், ஆடீஸி, ஹைஃபைமேன் போன்ற நிறுவனங்கள் வந்த பிறகுதான் இது பரவலாயிற்று. இதன் பலம் தாழ்ஒலி. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் நனைத்த ரவையை அப்பி, உள்ளங்கையின் அடிப்பகுதியால் தோலை அழுத்தித் தேய்த்து எழுப்பும் கும்கியைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அது ஓரிடத்தில் நிற்கிற ஒலி இல்லை. கீழிருந்து மேலே ஏறி வளைகிற ஒலி. 2023-இல் மறைந்த காரைக்குடி மணியின் தனி ஆவர்த்தனங்களில், அந்த வளைவின் தொடக்கப் புள்ளி எங்கே என்று பிளேனார் காட்டிவிடும், எச்.டி. 600 அந்த ஆழத்துக்கு முழுதாக இறங்குவதில்லை, வளைவின் மேல்பாதியை மட்டும் கொடுக்கும். வலப்பக்கமான வலந்தலையின் கறுப்பு வட்டத்தில், அதாவது கரணையில், விரல் விழும் ‘டிங்’கோ இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பலத்துக்கு விலை எடை. எச்.டி. 600 260 கிராம். பெயர்பெற்ற பிளேனார்களில் ஒன்றான ஆடீஸியின் எல்.சி.டி. எக்ஸ் 612 கிராம்; பெரிலியம் தகடு கொண்ட ஃபோக்கல் யுடோபியா 490 கிராம். எழுத்தில் இவை வெறும் எண்கள். ஒரு முழுக் கச்சேரி அளவுக்குத் தலையில் வைத்திருந்தால் கழுத்து கணக்குச் சொல்லும். ராகம் தானம் பல்லவி வரும் வரை பிளேனார், பிறகு துக்கடாக்களுக்கு எச்.டி. 600 என்று மாற்றிக்கொள்வது என் வழக்கமாகிவிட்டது.

ஹெட்போனை வாங்கிவிட்டு ஆம்ப்ளிஃபையரில் கஞ்சத்தனம் செய்யக்கூடாது என்று விற்கிறவர்கள் சொல்வார்கள். இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. எச்.டி. 600 300 ஓம் மின்தடை கொண்டது. ஒரு வோல்ட் கொடுத்தால் 97 டெசிபல் ஒலி தரும் என்பது தயாரிப்பாளர் தரும் அளவு. ஒலியின் உச்சம் 110 டெசிபல் வரை போக வேண்டுமென்றால் நாலரை வோல்ட் வேண்டும். ஆனால் அதற்கான மின்திறன் 70 மில்லிவாட்டுக்கும் குறைவுதான். அதாவது இதற்கு வேண்டியது பெரிய வாட் கணக்கு இல்லை, சற்று உயர்ந்த வோல்டேஜ். ஃபோனில் செருகி ஹெட்போனை மாட்டும் சின்னஞ்சிறு டாங்கிள் பலவும் ஒரு வோல்ட் வரை கொடுக்கின்றன. நன்றாகப் பதிவான இன்றைய வாய்ப்பாட்டு ஆல்பங்களை அளவான சத்தத்தில் கேட்க அதுவே போதும். பழைய நாடாக்களிலிருந்து மிகத் தாழ்வான அளவில் ஏற்றிய கச்சேரிகளுக்குத்தான் அது பற்றாது; அங்கே தனி ஆம்ப் தேவைப்படுகிறது. இதற்கு நேர்மாறாக, ஹைஃபைமேன் சுஸ்வாரா போன்ற பிளேனார் ஒரு மில்லிவாட்டுக்கு 83 டெசிபல்தான் தரும். அதே உச்சத்துக்கு அரை வாட் கேட்கும். ஆகவே, ‘எந்த ஆம்ப் நல்லது’ என்று என்னைக் கேட்கிறவர்களிடம், எந்த ஹெட்போன், எந்தப் பதிவு என்று நான் திருப்பிக் கேட்கிறேன்.

வால்வு ஆம்ப் வைத்துக்கொள்ளும் ஆசை இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு எளிதில் வரும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில், பாகம் பிரிந்த வீடுகளிலிருந்து வந்த வால்வு ரேடியோக்கள் இன்னும் அடுக்கியிருக்கின்றன. (பளபளக்கும் பித்தளைப் புனல் வைத்த கிராமஃபோன்களும் உண்டு, பெட்டி பழையதா புனல் பழையதா என்று பார்த்து வாங்குங்கள்.) வால்வின் இனிமை என்று சொல்லப்படுவதில் ஒரு பகுதி எளிய மின்கணக்கு. எச்.டி. 600-இன் மின்தடை எல்லா ஒலியிலும் 300 ஓமாக இருப்பதில்லை. 100 ஹெர்ட்ஸையொட்டி அது 500 ஓம் பக்கம் ஏறிவிடும். வெளியீட்டு மின்தடை அதிகமுள்ள வால்வு ஆம்ப்பில் மாட்டினால், அந்த இடத்தில் தாழ்ஒலி சற்றே பருக்கும். தம்புராவின் ஆதார ஷட்ஜம் அப்போது கொஞ்சம் கனமாகக் கேட்கிறது. பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளலாம், அதற்குத் தெய்வீகக் காரணம் ஒன்றும் கற்பிக்க வேண்டியதில்லை.

இதைவிடப் பெரிய விஷயம் எர்த். எங்கள் வீட்டு ஒயரிங் பழையது. பல பிளக் பாயின்ட்டுகளில் மூன்றாவது துளை வெறும் துளையாகவே இருந்தது. மடிக்கணினியிலிருந்து யூஎஸ்பி வழியாக ஆம்ப்புக்கு இணைப்புக் கொடுத்தால், பாட்டு நின்ற இடைவெளியில் 50 ஹெர்ட்ஸ் உறுமல் ஒன்று எழும்பும். ஆம்ப்பின் உலோக முகப்பை விரலால் தொட்டால் குறையும், எடுத்தால் மீண்டும் வரும். பெருநகரத்துக் கடைக்காரர் ஒருவர், ஹெட்போன் விலையில் பாதிக்கு ஒரு கேபிளைப் பரிந்துரைத்தார். எங்கள் ஊர் எலக்ட்ரீசியன் அண்ணன் வீட்டின் பின்கட்டில் குழி தோண்டி, குழாயை இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடி, அங்கிருந்து ஒரு கம்பியை அறைக்கு இழுத்துக் கொடுத்தார். உறுமல் போய்விட்டது. “சித்திரை வைகாசில மட்டும் வாரத்துக்கு ஒரு குடம் தண்ணி ஊத்திருங்க தம்பி, நம்ம செம்மண்ணு காஞ்சா எர்த்து பிடிக்காது” என்று சொல்லிவிட்டுப் போனார். உயர்வகை இசைக்கருவிகளைப் பற்றி எனக்குக் கிடைத்த அறிவுரைகளில் விலை குறைந்ததும் பலன் மிகுந்ததும் அதுதான்.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. காதை முழுதாகச் சுற்றி மூடும் ஹெட்போன் ஐரோப்பியக் குளிருக்கு இதமாக இருக்கலாம். இங்கே வைகாசிப் பகலில் இயர்பேடுக்குள் வேர்வை கோத்துவிடும். செயற்கைத் தோல் பேடுகள் இந்த உப்பு வேர்வையில் செதில் செதிலாக உரிந்து கன்னத்தில் கறுப்புப் பொடியாக ஒட்டுகின்றன. வெல்வெட் போன்ற துணி உறை போட்டவை தாங்குகின்றன, ஆனால் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பேடு நசுங்கிவிட்டால் தகட்டுக்கும் காதுக்கும் உள்ள தூரம் குறைந்து ஒலியின் நிறமே மாறிவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை; ஹெட்போன் பழுதாகிவிட்டது என்று நினைத்து விற்றுவிடுகிறார்கள். புதுப் பேடு போட்டால் பெரும்பாலும் பழைய குரல் திரும்பிவிடும். எச்.டி. 600-இல் எனக்குப் பிடித்த குணங்களில் ஒன்று, பேடு, வலை, கேபிள், தலைப்பட்டை என ஏறக்குறைய எல்லாவற்றையும் கையாலேயே கழற்றி மாட்ட முடிவது. பொருளை வைத்திருக்க வேண்டும் என்று வாங்குகிறவர், அதன் உதிரிப்பாகம் கிடைக்குமா என்பதை ஒலிக்கு முன்பாகவே விசாரிக்க வேண்டும்.

மின்விசிறியை நிறுத்தினால் வேர்வை, ஓடவிட்டால் திறந்த ஹெட்போனுக்குள் அதன் சத்தம். இந்தச் சங்கடத்துக்கு மார்கழியைத் தவிர வேறு மருந்து கிடையாது. மற்ற மாதங்களில் விடியற்காலை நான்கரை முதல் ஆறு வரை கேட்கிறேன். கோவில் திருவிழா நாட்களில் அதுவும் முடியாது. தெருமுனையில் மைக் செட்காரர் கட்டிய குழாய் இரண்டு, விடியும் முன்பே அம்மன் பாட்டைத் தொடங்கிவிடும். அந்த நாட்களில் ஹெட்போனைப் பெட்டியில் வைத்துவிடுவதே மரியாதை. சத்தத்தை மீறிக் கேட்க முயன்றால் ஒலியளவைக் கூட்டத்தான் தோன்றும், அது காதுக்குக் கேடு. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்ற வரம்பைச் சொல்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது. 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான். நல்ல ஹெட்போனில் சிதைவு குறைவு என்பதால் 90 டெசிபல்கூடப் பெரிய சத்தமாக உறைக்காது. விலையுயர்ந்த ஹெட்போனின் ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

அப்பத்தாவுக்கு இந்தச் சாமானில் நம்பிக்கை கிடையாது. ஒரு நாள் காலையில் காப்பியோடு வந்து, நான் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, “என்னய்யா, ஒத்தையில கேக்குறதுக்கா இம்புட்டுப் பெரிய சாமான்?” என்றார். ஆமாம் அப்பத்தா என்றேன். “எங்க காலத்துல பாட்டுப்பெட்டிய வளவுல வச்சுச் சாவி குடுத்தா, அடுப்படில இருக்கவுக, திண்ணைல இருக்கவுக எல்லாருக்கும் கேக்கும். நீ கேக்குறது உனக்கே கேக்குதோ என்னமோ” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அவர் சொல்லும் பாட்டுப்பெட்டிக் காலம் இந்த வட்டாரத்துக்குச் சொந்தமான கதை. காரைக்குடியில் 1907-இல் பிறந்த ஏ.வி. மெய்யப்பன், தகப்பனாரின் கடையில் கிராமஃபோன் தட்டுகள் விற்பனையைப் பார்த்து வளர்ந்து, சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாகத் தட்டு வெளியிடும் தொழிலுக்குப் போனார். பிறகு 1940-களில் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ நடத்தினார். பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம் ஓடும் அந்தத் தட்டுகளை இந்த வீட்டில் வளவில் வைத்துத்தான் கேட்டார்கள் என்பது, ஒலியைப் பொறுத்தவரை மிகச் சரியான தேர்வு. ஹாலில் வைத்திருந்தால் ஒரு சொல்லும் விளங்கியிருக்காது.

அப்பத்தாவின் குறையில் நியாயம் உண்டு. ஹெட்போன் பகிர முடியாத பொருள். ‘இந்த இடத்தைக் கேளேன்’ என்று கழற்றி மனைவியின் தலையில் மாட்டுவதற்குள் அந்த இடம் போய்விடும். பின்னால் ஓட்டிப் போட்டால், நான் பட்ட வியப்பை அவளும் பட வேண்டும் என்று அருகில் நின்று முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன், அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். கச்சேரியில் பக்கத்து நாற்காலிக்காரர் ‘ஆகா’ என்னும்போது நாமும் நிமிர்கிறோமே, அந்தச் சுகத்துக்கு எந்த விலையிலும் மாற்று வரவில்லை.

விலையைப் பற்றிய என் எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன். 2017-இல் ஜெரூன் பிரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களை அளந்து, விலைக்கும் அவற்றின் அலைவெண் ஒழுங்குக்கும் (தாழ்ஒலி முதல் உயர்ஒலி வரை எந்த அளவில் தருகின்றன என்பதற்கும்) தொடர்பு எதுவும் காணவில்லை என்று எழுதினார். என் காதும் அதற்கு உடன்படுகிறது. எச்.டி. 600-இன் விலை வரை பணம் முன்னேற்றத்தை வாங்குகிறது. அதற்குமேல் அது பெரும்பாலும் வேறு சுவையை வாங்குகிறது. 2009-இல் வந்த எச்.டி. 800-ஐச் சென்னையில் ஒரு நண்பர் வீட்டில் கேட்டேன். பாடகரும் பக்கவாத்தியங்களும் பரந்து உட்கார்ந்திருக்கும் மேடையின் அகலத்தை அப்படிக் காட்டும் வேறொன்றைக் கேட்டதில்லை; ஆனால் 6 கிலோஹெர்ட்ஸ் பக்கம் அதற்கு இருக்கும் தூக்கல், பழைய நாடாவின் இரைச்சலையும் சேர்த்துத் தூக்கிவிடுகிறது. அந்தத் தூக்கலைத் தணித்து எச்.டி. 800 எஸ் வந்ததும் தெரியும். புதிய பதிவுகளை மட்டும் கேட்கிறவர் தாராளமாக அதை வாங்கலாம். அரியக்குடியைக் கேட்கிறவருக்கு அது தேவையில்லாத நேர்மை.

கேபிள் மாற்றினால் ஒலி மாறும் என்பதையும், நூறு மணி நேரம் ஓடவிட்டால் தகடு பழுத்துவிடும் என்பதையும் நான் நம்பவில்லை. மாறுவது பேடும் நம் பழக்கமும்தான். குறுந்தகட்டின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட கோப்புகளுக்காகக் கூடுதலாகப் பணம் கட்டுவதையும் நிறுத்திவிட்டேன். அந்தக் கவலையைவிட, நாடாவிலிருந்து ஏற்றியவர் சரியான வேகத்தில் ஓட்டினாரா என்று பார்ப்பது உத்தமம். வேகம் கூடிப்போய், கட்டை அரை ஏறிவிட்ட கச்சேரிகள் இணையத்தில் நிறையச் சுற்றுகின்றன. ஹெட்போன் எவ்வளவு உயர்வானதாக இருந்தாலும் இறங்கிப் பாடிய வித்வானை ஏற்றிப் பாட வைத்த தவறைச் சரிசெய்யாது.

அடுத்தது எலெக்ட்ரோஸ்டாட்டிக் தானே என்று நண்பர்கள் சீண்டுகிறார்கள். ஜப்பானின் ஸ்டாக்ஸ் 1960-இலிருந்து செய்துவரும் வகை அது. துளையிட்ட இரண்டு தகடுகளுக்கு நடுவே மிக மெல்லிய படலம், 580 வோல்ட் மின்னழுத்தம், அதற்கென்றே தனியாக ஒரு டிரைவர் பெட்டி. வீணையின் கடைசி அசைவை அது இன்னும் நெருங்கிக் காட்டும் என்பதைக் கேட்டு உணர்ந்திருக்கிறேன். ஆனால் இந்தச் செம்மண் தூசியிலும் ஐப்பசி மழையின் ஈரத்திலும் அந்தப் படலத்தைப் பல ஆண்டு காப்பாற்றுவது எனக்கு ஆகிற காரியமாகத் தெரியவில்லை. பழுது வந்தால் பார்த்துக் கொடுக்க இங்கே ஆளும் இல்லை. இப்போதைக்கு எச்.டி. 600-க்கு ஒரு ஜோடி புதுப் பேடு சொல்லியிருக்கிறேன். மார்கழிக்கு முன்னால் வந்துவிட்டால் நல்லது.